சிஜே3பி ஜீப்பில் பெட்ரோல் இன்ஜினை இறக்கி டீசல் இன்ஜின் ஏற்றுவது

கேள்வி: பழைய மகிந்திரா சிஜே3பி, 2.2 லிட்டர் பெட்ரோல். பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின் ஏற்றணும். இருக்கிற கியர்பாக்ஸே போதுமா?

பதில்: வேண்டாங்க. இதே டீசல் இன்ஜின் வந்த மகிந்திரா எம்எம்540 ஜீப்பிலிருந்து இன்ஜின், பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே செட்டாக எடுங்க. பழைய கியர்பாக்ஸையே வெச்சா நடுவில் அடாப்டர் பிளேட் (இணைப்புத் தகடு) போடணும்; அதன் மையம் சற்று விலகினாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் அதன் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கும் தேஞ்சுடும். கியர்பாக்ஸ் நீளம் மாறினால் முன், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டையும் அளந்து மாற்றி, பேலன்ஸ் பார்க்கணும்.

இன்னொரு பதில்: மிஞ்சின டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் (குழாய்) கட்டாயம். உள்ளே துரு இருந்தால் டேங்கையே மாத்துங்க. துருத்தூள் டீசல் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கெடுத்துடும். வண்டி 6 வோல்ட்டா? முழுக்க 12 ஆக்குங்க, ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குக்குத் தடித்த தனி வயர் போடுங்க.

கேட்டவர்: ஆர்சி (பதிவுச் சான்று) விஷயத்தில் என்ன செய்யணும்?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. அதன்படி ஆர்டிஓ அனுமதி வாங்கிட்டுத்தான் இன்ஜினைத் தொடணும்.