'இன்சைட் நம்பர் 9' தொடரை மறுபடி பார்ப்பதற்கு முன் எந்தப் பழைய படங்களைப் பார்க்கலாம்?

குழுவினருக்கு வணக்கம். பிபிசியின் 'சைக்கோவில்' (Psychoville, 2009) என்ற திகில் நகைச்சுவைத் தொடரை மீண்டும் பார்த்து வருகிறேன். ஸ்டீவ் பெம்பர்டன் மகனாகவும் ரீஸ் ஷியர்ஸ்மித் தாயாகவும் நடிக்கும் நான்காம் பகுதி, இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) படத்துக்குச் செலுத்தப்பட்ட மரியாதை. அந்தப் படத்தில் கேமரா ஒருவருடைய கோட்டின் முதுகுப்புறத்தை நெருங்கி, திரை இருண்ட நொடியில், இரு காட்சித் துண்டுகள் இணையும் 'வெட்டு' (cut) தெரியாதபடி மறைத்துவிடும் வித்தையைக் கண்டவர்களுக்கு, ஒரே வீட்டுக்குள் ஏறக்குறைய வெட்டே இல்லாமல் நகரும் இந்தப் பகுதி இரட்டிப்புச் சுவை தரும். முதன்முறை அடுத்து என்ன நேருமோ என்ற பதைப்பிலேயே பாதி நகைச்சுவை நழுவிப் போகிறது. முடிவு தெரிந்தபின்தான் சிரிப்பும் திகிலும் எப்படிக் கோக்கப்பட்டுள்ளன என்பது புலப்படுகிறது.

அடுத்து, இதே இருவர் எழுதிய 'இன்சைட் நம்பர் 9' (2014–2024) தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்க எண்ணியுள்ளேன். (ஒவ்வொரு பகுதியிலும் ஒளிந்திருக்கும் முயல் பொம்மையைத் தேடுவது தனிச் சுகம்.) அதன் எந்தெந்தப் பகுதிகள் எந்தப் பழைய திகில் படங்களை நினைவூட்டுகின்றன என்பதை அறிந்தவர்கள், கதை முடிவை வெளியிடாமல் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஹிட்ச்காக்கின் புகழ்பெற்ற படங்களைப் பார்த்துவிட்டதால், அவரைத் தாண்டிய பழைய பிரிட்டிஷ் படங்களையே குறிப்பாக எதிர்பார்க்கிறேன்.