பொங்கல் பயணம்: கோபி, காங்கேயம், உடுமலை – எந்த வீட்டுக்கு முதலில் செல்வது?

தாம்பரம்வாசி கேட்கிறார்:

வணக்கம். பொங்கல் விடுமுறையில் காரில் கிளம்பி, அம்மாவின் உடன்பிறந்தோர் வீடுகள் அனைத்துக்கும் சென்றுவரத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், எழுபதைக் கடந்த அம்மா என ஐந்து பேர் செல்கிறோம். மூத்த மாமா கோபிக்கு அருகில் தோட்டத்தில் குடியிருக்கிறார். பெரியம்மா காங்கேயத்தில் இருக்கிறார். இளைய மாமாவின் வீடு உடுமலையில் உள்ளது. அவர் சென்ற ஐப்பசியில் காலமானார். அப்போதுதான் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்ததால் நான் மட்டுமே போய்வந்தேன். தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது அம்மாவின் மனத்தில் இன்னும் ஆறவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் கோபி, காங்கேயம், தாராபுரம், உடுமலை என்று வழி நேராக அமைகிறது. எனவே போகியன்று கிளம்பித் தைப்பொங்கலுக்குக் கோபியிலும், மாட்டுப்பொங்கலுக்குக் காங்கேயத்திலும், காணும் பொங்கலுக்கு உடுமலையிலும் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று கணக்கிட்டேன். பண்டிகைச் சாப்பாட்டையெல்லாம் முடித்துக்கொண்டு மூன்றாம் நாள் துக்க வீட்டு வாசலில் போய் நிற்பது முறையா என்று மனைவி கேட்கிறார். முதலிலேயே துக்கம் கேட்டுவிட்டு அங்கிருந்து பொங்கல் வீட்டுக்குப் போனால் அவர்கள் வருத்தப்படுவார்களோ என்பது என் ஐயம். அம்மாவோ, "உங்க வசதிப்படி செய்யுங்க" என்பதற்குமேல் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. வழக்கம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வேலூர் வழியாகச் செல்வதா, உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் செல்வதா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

காங்கேயத்துக்காரர்:

உங்கள் மனைவி சொல்வதே சரி. துக்கம் கேட்பதைப் பண்டிகைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மார்கழி கடைசி நாளன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும் விளைநிலத்திலும் காப்புக் கட்டுவார்கள். அதற்குப் பிறகு துக்கம் கேட்கக் கிளம்புவதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் விரும்புவதில்லை. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளையும் தவிர்ப்பார்கள் என்பதால் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் போகிக்கு இரண்டு நாள் முன்பே கிளம்புங்கள். சென்னையிலிருந்து உடுமலை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் இருக்கும்; முழங்கால் அறுவை செய்துகொண்டவரை ஒரே மூச்சில் அழைத்துவருவது வதை. சேலத்திலோ பெருந்துறையிலோ இரவு தங்கிவிட்டு, மறுநாள் முற்பகலில் உடுமலை சேர்ந்தால் அன்றிரவு அங்கேயே தங்கலாம். போகியன்று காலையில் புறப்பட்டுத் தாராபுரம், காங்கேயம், சென்னிமலை, பெருந்துறை வழியாகக் கோபிக்கு வந்துவிடலாம். திருப்பூர் வழி தூரம் குறைவுதான் என்றாலும், ஊருக்குப் போகும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

மாட்டுப்பொங்கலுக்குத் தோட்டத்தில் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. காங்கேயத்தில் பெரியம்மா ஊருக்குள் இருக்கிறார் என்றால் அங்கே மாடு அடைக்கும் பட்டி இருக்காது. பட்டியில் பொங்கல் வைத்து, மண்ணால் சிறிய தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்பி, அதை மாடுகள் மிதித்துத் தாண்டும்படி செய்வதை அவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

உடுமலை மருமகள்:

மேலே எழுதியவர் நாள் கணக்கைச் சரியாகச் சொன்னார்; ஆனால் முதன்மையான ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார். கோபியில் இருப்பவர் மறைந்தவரின் உடன்பிறந்த அண்ணன். பங்காளி வீட்டில் இறப்பு நேர்ந்தால் அந்த ஆண்டு முழுவதும் தாங்களும் பண்டிகை கொண்டாடாத குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. எனவே கோபியில் இந்த ஆண்டு பொங்கல் வைக்கிறார்களா என்பதையே முதலில் விசாரியுங்கள். பெரியம்மா வேறு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் என்பதால் காங்கேயத்தில் தடை இருக்காது.

துக்க வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். என் மாமனார் இறந்த ஆண்டில் பொங்கல் நாட்கள்தாம் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தன. பதினாறாம் நாள் வரையில் ஒறம்பரையால் (உறவினர்களால்) வீடு நிறைந்திருந்தது. பண்டிகை வந்தபோது, முறை கருதி ஒருவரும் படியேறவில்லை. தெருவெல்லாம் கோலமாக இருக்க எங்கள் வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. என் மாமியார் மூன்று நாளும் தொலைக்காட்சியைக்கூடப் போடவிடவில்லை. அந்த நேரத்தில் உரிமையோடு வந்து உடன் இருக்கக்கூடியவர் கூடப்பிறந்த அக்காள்தான். உங்கள் அம்மாவை ஓர் இரவோடு அழைத்துக்கொண்டு கிளம்பாமல், அவர் விரும்பினால் பொங்கல் முடியும்வரை நாத்தியும் கொழுந்தியுமாக அவர்களை அங்கேயே இருக்கவிடுங்கள். தம்பி வீட்டில் பொங்கல் இல்லாதபோது அக்காளுக்குக் கரும்பு இனிக்குமா? நீங்கள் பிள்ளைகளோடு மற்ற வீடுகளுக்குப் போய்வந்து, கடைசியில் அம்மாவை அழைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வீடுகள் பலவற்றில் கழிப்பறை வெளியே தனியாக இருக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் மடக்கு கமோடு நாற்காலி ஒன்றைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், சங்கடப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். விடுதியில் அறை எடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உடுமலையில் வீடு இருக்க வெளியே தங்கினீர்கள் என்றால் அந்தப் பேச்சு அடுத்த தலைமுறை வரை நிற்கும்.

தாம்பரம்வாசி:

இருவருக்கும் நன்றி. கோபிக்குத் தொலைபேசியில் பேசினேன். மாமா வீட்டில் இந்த ஆண்டு பொங்கல் இல்லை, மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுவதோடு சரி என்றார்கள். அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. உடுமலையில் தங்க விருப்பமா என்று கேட்டபோது, "சின்னவ தனியா இருப்பாளே" என்று மட்டும் சொன்னார். மறுநாளே பையை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே அம்மா உடுமலையில் இருக்க, நாங்கள் தைப்பொங்கலுக்குக் காங்கேயம் போகிறோம். மாட்டுப்பொங்கலன்று கோபி சென்று மாமாவைப் பார்த்துவிட்டு, அவரையும் காரில் அழைத்துக்கொண்டு உடுமலைக்குத் திரும்புவதாக முடிவாகியிருக்கிறது. இனிச் சாலையைப் பற்றி மட்டும் யாரேனும் சொன்னால் போதும்.

சென்னிமலை ஓட்டுநர்:

போகும்போது வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியே செல்லுங்கள். தென் மாவட்டங்களுக்குப் போகும் கூட்டம் முழுவதும் உளுந்தூர்ப்பேட்டை வரையில் அந்த ஒரே சாலையில்தான் போகும். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகையில் தொப்பூர்க் கணவாய் இறக்கம் வரும். அங்கே பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் செல்லும் வண்டிகளின்மேல் மோதிய விபத்துகள் பல நடந்திருப்பதால், கியரைக் குறைத்து, லாரிக்கு நேர்முன்னால் மாட்டிக்கொள்ளாமல் இறங்குங்கள். திரும்பும்போது காங்கேயத்திலிருந்து கரூர், திருச்சி வழியாகப் போகலாம் என்று கைப்பேசி காட்டினாலும் நம்ப வேண்டாம். விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் அனைத்தும் அந்தத் திருச்சி சாலையில்தான் இருக்கும். சேலம் வழியே வாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது காங்கேயத்துக்கும் உடுமலைக்கும் இடையில்தான். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் பொங்கலை ஒட்டியே தாராபுரம் சாலையில் இறங்கிவிடும். வெயிலுக்கு அஞ்சி இரவிலும் அதிகாலையிலும்தான் அவர்கள் மிகுதியாக நடப்பார்கள். பச்சை, காவித் துணியில் வெளிச்சம் பட்டாலும் தூரத்திலிருந்து தெரியாது. அந்தப் பாதையில் செல்லும் பயணம் எதையும் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கோபித் தோட்டத்துக்குப் போனதும் பிள்ளைகள் வாய்க்காலில் இறங்க வேண்டும் என்பார்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இழுப்பு கடுமையாக இருக்கும். நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்கு அது பிடிபடாது. மாமாவையோ தோட்டத்து ஆட்களையோ கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் படிக்கட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.