குட்டித் தலையணையாக முடித்த தையல் வேலைகள்: இன்னும் கண்ணை உறுத்துவது எது?

ஊசிமுனை

எனக்கு உறுத்துவது மூலை. 14 கவுண்ட் ஐடா (அங்குலத்துக்கு 14 கட்டம் வரும், ஓட்டையோடு நெய்த எம்பிராய்டரித் துணி), 56க்கு 56 கட்டம், அதாவது நாலு அங்குல டிசைன். சுற்றி ஏழேழு கட்டம் வெறுந்துணி விட்டு ஐந்து அங்குலத் தலையணை. பெருக்கல் தையல் (கிராஸ் ஸ்டிட்ச்) அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்த சுத்தமான வேலை. பஞ்சு அடைத்தவுடன் நாலு மூலையிலும் கொம்பு முளைத்துவிட்டது, பக்கங்கள் நான்கும் நடுவில் உள்ளே வாங்கிக்கொண்டன. ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக அடித்த சதுரம் இப்படித்தான் ஆகும். பஞ்சு நடுத்துணியை மேலே தூக்கும், தூக்கிய அளவுக்குப் பக்கங்கள் உள்ளே வரும். மூலையில் தூக்க இடமில்லை, அதனால் அது மட்டும் தட்டையாக வெளியே நிற்கும்.

மூலைக்கு ஒன்றேகால் அங்குலம் முன்பிருந்தே தையல் கோட்டை மெல்ல உள்ளே சாய்க்க வேண்டும். மூலைக்கு வரும்போது இரண்டு கட்டம் உள்ளே இருந்தால் போதும். 14 கவுண்ட்டில் ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர், ஆக மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம். மூலையில் அப்படியே திருப்பாமல், குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுத் திருப்புங்கள். மூலையை வெட்டும்போது தையலிலிருந்து 3 மில்லிமீட்டராவது விட வேண்டும், அதற்கும் குறைந்தால் ஐடா பிரிந்துவிடும். டிசைனின் பார்டர் ஓரத்துக்கு நாலு கட்டத்துக்குள் வந்திருந்தால் இந்தச் சாய்வு வெளியே தெரியும். அதனால் வெறுந்துணியைத் தொடக்கத்திலேயே தாராளமாக விட்டுத் தையுங்கள்.

மேட்டித்துணி

பழுப்புக் கோடு! தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் பத்துக்குப் பத்தாகக் கட்டம் போட்டுத் தைத்த மயில். கழுவாமலே இஸ்திரி போட்டிருக்கிறார்கள். நீலம் பழுப்பாக மாறி மயில் கழுத்துக்குக் குறுக்கே அப்படியே நிற்கிறது. தலையணையாகவும் தைத்து முடித்தாகிவிட்டது, இனி பிரிக்கவும் முடியாது.

அந்த மைக்குச் சூடு ஆகாது. முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீர்தான், சோப்பும் கூடாது, வெந்நீரும் கூடாது. அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீலம் துளியும் இல்லை என்றான பிறகுதான் சோப்பு. சிவப்பு நூல் சாயம் விட்டால் ஓடும் தண்ணீரில் பிடித்துக்கொண்டே இருங்கள். காய்ந்துவிட்டால் சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். இஸ்திரிக்குத் தடித்த டர்க்கி டவலை விரித்து, தையல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். மேல்பக்கம் தேய்த்தால் நூல் நசுங்கிப் பளபளக்கும்.

இலவங்காய்

கருநீல ஐடாவில் வெள்ளை நட்சத்திரம், அடைத்தது இலவம் பஞ்சு. ஒரு தட்டு தட்டினதும் ஓட்டை ஓட்டையா வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்துச்சு. வானம் முழுக்க நட்சத்திரம்!

இலவம் பஞ்சு இழை குட்டை, வழுக்கும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்காது. ஐடா மாதிரி ஓட்டையுள்ள துணிக்குள்ள நேரா போடவே கூடாது. நெருக்கமா நெய்த பாப்ளின்ல உள்ளுறை தைச்சு, அதுல அடைச்சு, அதைத்தான் உள்ளே வைக்கணும். உள்ளுறை வெளியுறையைவிடக் கால் அங்குலம் பெரிசா இருந்தாதான் மூலை வரைக்கும் நிறையும். கொட்டையைப் பொறுக்கி எடுக்காம அடைச்சா கை வைக்கிற இடமெல்லாம் தட்டுப்படும், அதுல எண்ணெய் இருக்கிறதால எலியும் வரும்.

கத்தரிப்பூ

இலவங்காய் சிஸ், அந்தக் கருநீலத் துணிக்குப் பின்னாடி ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரி சூட்டுல ஒட்டிக்கிற உள்துணி) போட்டிருந்தா உள்ளுறையே வேண்டாமே?

எனக்கு உறுத்துறது வேற. ஒரு ரோஜாத் தலையணையோட வெள்ளைத் துணியில, பூவிலிருந்து இலைக்குப் பின்பக்கமா இழுத்துட்டுப் போன கரும்பச்சை நூல் முன்னாடி நிழலாத் தெரிஞ்சது. அவ்வளவுதான்.

கேன்வாஸ் பத்தி யாரும் சொல்லலை, அதனால சொல்றேன். காலர் கேன்வாஸ் வாங்காதீங்க, தலையணை அட்டை மாதிரி விறைக்கும். பேப்பர் போல இருக்கிற நெய்யாத கேன்வாஸும் வேண்டாம், அமுக்கினா சரசரன்னு சத்தம் வரும். மெல்லிசா நெய்த ஒட்டுக் கேன்வாஸ் கேளுங்க. ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது. ஓரிடத்தில் வச்சு, பத்து விநாடி அமுக்கி, தூக்கி, அடுத்த இடம். இழுத்தா ஐடாவோட பாவும் ஊடும் கோணிப்போகும், அப்புறம் சதுரம் சதுரமா வராது. ஒட்டுறதுக்கு முன்னாடி பின்பக்க நூல் முனைகளை ஒட்ட வெட்டிடணும், இல்லேன்னா அது முன்னாடி மேடாத் தெரியும். முடிச்சு போட்டுத் தைச்சிருந்தா அதுவும் தெரியும். அதனாலதான் நூலை முடிச்சுப் போடாம நாலஞ்சு தையலுக்கு அடியில கோர்த்துவிடச் சொல்றது. கேன்வாஸைத் தையல் கோடு வரைக்கும் மட்டும் வெட்டணும், ஓரத்துல விடுற அரை அங்குலத்துக்குள்ள போகக் கூடாது. போனா ஓரம் தடிச்சு, திருப்பினதும் விளிம்பு மொத்தையா நிக்கும். பின்துணிக்கும் அதே கனம் வேணும், முன்னாடி கேன்வாஸ் போட்டு பின்னாடி மெல்லிசு மல் வச்சா முழுத் தலையணையும் பின்பக்கமாத்தான் புடைக்கும்.

அப்புறம் வாய், அதாவது திருப்பிப் பஞ்சு அடைக்கிறதுக்காகத் தைக்காம விடுற இடம். மூலையில விடாதீங்க, அடிப்பக்கத்து நடுவுல ரெண்டரை அங்குலம். ரெண்டு முனையிலும் மூணு நாலு தையல் முன்னும் பின்னும் அடிச்சுக் கெட்டியாக்கணும், இல்லேன்னா திருப்பும்போதே பிரிஞ்சுடும். திருப்புறதுக்கு முன்னாடியே வாய்ப்பக்கத்து ஓரத்தைக் கோட்டோட மடிச்சு இஸ்திரி போட்டு வச்சா, கடைசியில மூடும்போது மடிப்பு தானா உட்காரும்.

கெட்டித்தையல்

கேன்வாஸைத் தையல் கோட்டோடு நிறுத்துங்கள் என்று எழுதியதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் சொல்ல வந்ததே அதுதான். இறுக்கமாகப் பஞ்சு அடைத்த ஒரு தலையணை. மூடிய வாயில் ஒரு விரல் பட்டதும் ஐடாவின் ஓர வரிசை மொத்தமாகக் கையோடு வந்தது. தையல் விடவில்லை, துணிதான் விட்டது. மடித்த ஓரத்துக்குள் கேன்வாஸ் இல்லை.

ஐடாவில் இழைகள் கட்டுக்கட்டாக ஓடும், கட்டுக்கு நடுவே ஓட்டை. மெஷின் ஊசி அந்த ஓட்டை வரிசையிலேயே விழுந்துகொண்டு போனால், தையலுக்கு வெளியே இருக்கும் இழைகளைப் பிடிக்க எதுவும் இல்லை. கேன்வாஸ் அங்கேயும் இருந்தால்தான் ஓட்டையிலும் ஊசிக்குப் பிடிமானம் கிடைக்கும். தடிக்கிறது என்றால் முன்துணியின் ஓரத்தை கால் அங்குலமாகவும் பின்துணியின் ஓரத்தை அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் படிபோல வெட்டுங்கள், மொத்தை போய்விடும். வாய்ப்பக்கத்தில் மட்டும் அரை அங்குலத்தை அப்படியே விட வேண்டும். ஓவர்லாக்கும் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

பஞ்சு நுழைவதைக் கேன்வாஸ் தடுக்கும் என்பதும் பாதிதான் சரி. முன்பக்கத்தில் தடுக்கும். தையல் ஓட்டை வழியாக வருவதைத் தடுக்காது. இலவம் பஞ்சுக்கு உள்ளுறை வேண்டும்தான்.

நீலமலை

எல்லாத் துணிக்கும் கேன்வாஸ் என்று போய்விட வேண்டாம். தோடர் எம்பிராய்டரித் துண்டு ஒன்றின் பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் போட்டுத் தைத்திருந்தார்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, ஃபிரேம் இல்லாமல், இழையை எண்ணியே தைக்கும் வேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பின்பக்கமும் பார்க்கும்படி இருப்பதுதான் அதன் சிறப்பு. அந்தப் பின்பக்கம் முழுக்கப் பசை! முன்பக்கத்தில் மேடாக நிற்க வேண்டிய நூலும் சூட்டில் தட்டையாகிவிட்டது.

இந்த மாதிரித் துண்டுக்குப் பின்னால் மல் துணியை ஒட்டாமல் வைத்து, ஓரத்தில் மட்டும் ஓட்டுத் தையல் போட்டால் போதும். பின்பக்கத்தை இரண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏறும்படி வைத்துத் தைத்தால் உள்தலையணையைக் கழற்றி உறையைத் தனியாகத் துவைக்கலாம். எம்பிராய்டரியில் ஊசியே படக் கூடாது.

குஞ்சம்

கயிறு சேரும் இடம். அழகான தலையணை, ஓரத்தில் அதே நிறத்தில் முறுக்குக் கயிறு. மேல் மூலையில் ரெண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, மேலே பசை வைத்து... அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

ஐந்து அங்குலத் தலையணைக்குச் சுற்றளவு 20 அங்குலம். சேர்ப்புக்கு இரண்டு சேர்த்து 22. கயிற்றுக்கு அதைப்போல் மூன்று மடங்கு, 66 அங்குலம், நூல் எடுக்க வேண்டும்: பாதி மடிப்பில் போகும், மீதி முறுக்கில் சுருங்கும். ஆறிழை ஆங்கர் எம்பிராய்டரி நூலில் இரண்டு சரம் போதும், எட்டு மீட்டர் கண்டில் தாராளமாக வரும். ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, மறுமுனையில் பென்சில் செருகிச் சுற்றுங்கள். கொஞ்சம் தளர்த்தினால் நூல் தானே சுருண்டுகொள்ள வேண்டும், அதுவரை சுற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் கயிறு தொளதொளக்கும். நடுவைப் பிடித்து மடித்து விட்டால் தானே முறுக்கிக்கொள்ளும். வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும்.

வாயை மூடும்போது நடுவில் கால் அங்குலம் விட்டு, கயிற்றின் இரண்டு முனைகளையும் அதற்குள் செருகி, பிறகு மூடுங்கள். கயிற்றைப் பிடிக்கும் தையல் கயிற்றின்மேல் ஏறக் கூடாது, அடியில் இரண்டு இழையை மட்டும் கோர்த்துப் போக வேண்டும். இவ்வளவு சின்னத் தலையணைக்குக் கிராஸ் பீஸ் (துணியில் கோணலாக எடுக்கும் பட்டை) வெட்டிப் பைப்பிங் வைக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. டிசைனைவிட ஓரம்தான் பெரிதாகத் தெரிகிறது.

சில்லுக்கண்ணாடி

லம்பாடி வேலை (கண்ணாடிச் சில்லு பதிச்ச எம்பிராய்டரி), நாலு கண்ணாடி. ரெண்டங்குல வாய் வழியாத் திருப்பினாங்க, ஒரு கண்ணாடி டக்குனு போச்சு. கண்ணாடி வச்சதைத் திருப்பவே கூடாது. முன்துணி, பின்துணி ரெண்டோட ஓரத்தையும் தனித்தனியா உள்ளே மடிச்சு இஸ்திரி போட்டு, முதுகோடு முதுகு வச்சு, வெளியிலிருந்தே கையால சுத்தித் தையுங்க.

எட்டுமூலை

பிஸ்கோர்னு, அதாவது இரண்டு சதுரத்தைச் சேர்த்துத் தைக்கும் எட்டு மூலைக் குட்டித் தலையணை. இரண்டு சதுரத்தை மூலைக்கு மூலை வைத்துத் தைத்து, ஏன் எட்டு மூலை வரவில்லை என்று கேட்டார்கள்.

இரண்டு சதுரமும் 50க்கு 50 கட்டம் என்று வையுங்கள், சுற்றிலும் கட்டத்துக்கு ஒன்றாகக் கெட்டித் தையல் (பேக் ஸ்டிட்ச்). கால் அங்குல ஓரத்தை உள்ளே மடித்து, முதல் சதுரத்தின் மூலையை இரண்டாவதன் பக்க நடுவில், அதாவது இருபத்தைந்தாம் தையல் முடியும் இடத்தில், வைத்துத் தொடங்க வேண்டும். ஊசி துணிக்குள் போகக் கூடாது. இரண்டு பக்கத்துக் கெட்டித் தையலை மட்டும் ஒவ்வொன்றாகக் கோர்த்துப் போகும். 25 கோர்த்ததும் இரண்டாவதன் மூலை வரும், அடுத்த 25இல் முதலாவதன் மூலை. மாறி மாறி வரும், தலையணை தானாகவே கோணிக்கொண்டு போகும். பயந்து நேராக்கப் பார்க்காதீர்கள். எங்காவது ஒரு தையலைத் தாண்டினால் அடுத்த மூலை நடுவில் விழாது, அங்கேயே பிரித்துவிட வேண்டும். அதனால் பக்கத்துக்கு இரட்டைப்படை எண்ணிக்கை இருப்பது அவசியம்.

மொத்தம் 200 தையலில் கடைசிப் பதினைந்துக்கு முன் நிறுத்திப் பஞ்சு அடையுங்கள். பெயிண்ட் பிரஷ் காம்பால் எட்டு மூலைக்கும் முதலில், சின்னச் சின்னப் பிய்ப்பாக. பெரிய உருண்டையாகத் திணித்தால் கட்டி கட்டியாகத் தெரியும். நடுவில் பட்டன் வைத்து இரட்டை நூலால் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை இழுத்துக் கட்டினால்தான் அந்தக் குழி வரும்.

இலவங்காய்

கெட்டித்தையல் சொன்னதுக்கு நன்றி. ஒண்ணே ஒண்ணு: வெட்டிவேர் வைக்கிறவங்களும் அந்த உள்ளுறை விஷயத்தைப் பாருங்க. வேர் முனை ஐடா ஓட்டை வழியா வெளியே குத்தும், ஈரம் பட்டா மஞ்சளாக் கறையும் விடும். வேரைக் காயவச்சு, அங்குல நீளத்துக்கு நறுக்கி, பாப்ளின் பையில போட்டு, முன்பக்கம் படாம நடுப்பஞ்சுக்குள்ள வைங்க.