சிபேனலில் மெயின் டொமைனின் ரூட் ஃபோல்டரை மாற்றுவது எப்படி?

முத்தியால்பேட்டை:
எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் இருக்கும் ஒரு விருந்தினர் இல்லத்துக்குப் புது புக்கிங் தளம் தயாராகிவிட்டது. பழையது வேர்ட்பிரஸ், தளக் கோப்புகளுக்கான வழக்கமான ஃபோல்டரான பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளேயே இருக்கிறது. புதியது லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்). அதை ஹோம் ஃபோல்டரில் ‘புக்கிங்’ என்று தனி ஃபோல்டராக ஏற்றியிருக்கிறேன். மெயின் டொமைன் ‘புக்கிங்/பப்ளிக்’ ஃபோல்டரிலிருந்து திறக்க வேண்டும்.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் டொமைன்ஸ் பக்கம் போய் மேனேஜ் அழுத்தினால் சப்டொமைனுக்கு டாக்குமென்ட் ரூட் (டொமைன் திறக்கும் ஃபோல்டர்) மாற்றும் பெட்டி வருகிறது. மெயின் டொமைனுக்கு வரவில்லை. ஷேர்டு ஹோஸ்டிங்தான். டெர்மினல் உண்டு, ரூட் அணுகல் (சர்வர் நிர்வாகி உரிமை) கிடையாது. அதே அக்கவுன்ட்டில் கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடை ஒன்றின் ஆட்-ஆன் டொமைனும் ஓடுகிறது, பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளே ‘கடை’ என்ற ஃபோல்டரில். அது ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. பேசாமல் லாராவெல் முழுவதையும் பப்ளிக்_எச்டிஎம்எல்-லில் கொட்டிவிடலாமா?

திருப்பாதிரிப்புலியூர்:
கொட்ட வேண்டாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு, ஆப் கீ எல்லாம் ‘.இஎன்வி’ கோப்பில் இருக்கிறது. அது டாக்குமென்ட் ரூட்டுக்குள் வந்துவிட்டால் முகவரிக்குப் பின்னால் அந்தப் பெயரை அடிக்கிற யாருக்கும் அப்படியே திறக்கும். இதைத் தேடியே தானியங்கி ஸ்கேனர்கள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சிபேனலில் மெயின் டொமைனின் ரூட்டைச் சாதாரண பயனர் மாற்ற முடியாது. ஆகவே பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற பெயரையே சிம்லிங்க்காக (வேறு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி) ஆக்கிவிடுவதுதான் வழி. ஆனால் உங்கள் நிலைமையில் முதலில் தொட வேண்டியது ஆட்-ஆன் டொமைனை. அதன் பாதை பப்ளிக்_எச்டிஎம்எல் வழியாகத்தான் போகிறது. பெயரை மாற்றிய அந்த நொடியே கடைத் தளம் விழுந்துவிடும். அதனால் ‘கடை’ ஃபோல்டரை ஹோமுக்கு நேர் கீழே நகல் எடுங்கள். நகர்த்தாதீர்கள், நகல்தான். டொமைன்ஸ் பக்கத்தில் ஆட்-ஆனுக்கு மேனேஜ் போய் டாக்குமென்ட் ரூட்டைப் புது இடத்துக்கு மாற்றுங்கள். தளம் திறக்கிறதா, படங்கள் வருகிறதா, ஆர்டர் படிவம் போகிறதா என்று பாருங்கள். கடைத் தளத்தின் கான்ஃபிக் கோப்பில் எங்காவது பப்ளிக்_எச்டிஎம்எல் என்று முழுப் பாதை எழுதியிருந்தால் அதையும் திருத்துங்கள். கிரான் வேலைகளிலும் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை) அப்படியே.

அடுத்து ஹோம் டைரக்டரி, டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து உங்கள் கணினிக்கு இறக்கிவிடுங்கள். பிறகு டெர்மினலில் இரண்டே வேலை. எம்வி கொண்டு பப்ளிக்_எச்டிஎம்எல்-லின் பெயரை ‘பப்ளிக்_பழையது’ ஆக்குங்கள். எல்என் மைனஸ் எஸ் கொண்டு, பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற பெயரில் புக்கிங்/பப்ளிக்குக்கு லிங்க் போடுங்கள். இரண்டு கட்டளைக்கும் நடுவே இரட்டை ஆம்பர்சன்ட் போட்டு ஒரே வரியில் அடித்தால் தளம் நிற்கிற நேரம் கண்ணுக்கே தெரியாது.

பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றாமல் லிங்க் போட்டால் பிழை எதுவும் வராது, ஆனால் லிங்க் அந்த ஃபோல்டருக்கு *உள்ளே* போய் உட்கார்ந்துவிடும். தளம் பழையபடியே இருக்கும், காரணம் புரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். பிறகு எப்போதாவது லிங்க்கை எடுக்க வேண்டுமானால் வெறும் ஆர்எம், பெயரின் கடைசியில் ஸ்லாஷ் இல்லாமல். மைனஸ் ஆர்எஃப் சேர்க்கவே வேண்டாம்.

403 (அனுமதி மறுப்பு) பிழை வந்தால் அனுமதிகளைப் பாருங்கள். சிபேனல் உருவாக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல்-லுக்கு 750, குழு ‘நோபடி’. நீங்கள் உருவாக்கிய ‘புக்கிங்’ ஃபோல்டரில் அந்தக் குழு இருக்காது. அதற்கு 711, உள்ளே இருக்கும் ‘பப்ளிக்’ ஃபோல்டருக்கு 755, கோப்புகளுக்கு 644 வையுங்கள். ‘.இஎன்வி’-க்கு 600. பிஎச்பி உங்கள் பயனர் பெயரிலேயே ஓடும் சர்வரில் அதுவே போதும். 777 எதற்கும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: வெள்ளி, சனி, ஞாயிறு தொடாதீர்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் அறை தேடுகிற நேரம் அதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் செய்யுங்கள், ஹோஸ்டிங் உதவி மேசையிலும் ஆள் இருப்பார்கள்.

கடலூர்_ஓடி:
மேலே சொன்னதோடு பிஎச்பி பதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்டிபிஎச்பி மேனேஜரில் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பிஎச்பி ஓட வேண்டும் என்று சொல்லும் ஒரு ஹேண்ட்லர் வரியை சிபேனல் பப்ளிக்_எச்டிஎம்எல்-லில் உள்ள எச்டிஆக்சஸ் கோப்பில் (அந்த ஃபோல்டருக்கான சர்வர் அமைப்புக் கோப்பு) எழுதும். ரூட் மாறியதும் அந்தக் கோப்பு பழைய ஃபோல்டரோடு போய்விட்டது. லாராவெல்லின் எச்டிஆக்சஸில் அந்த வரி இல்லை. சர்வரின் பொதுப் பதிப்பு பழசாக இருந்தால் 500 பிழையோ, பதிப்பு போதாது என்ற கம்போசர் (பிஎச்பி தொகுப்பு மேலாளர்) செய்தியோ வரும். மல்டிபிஎச்பி மேனேஜரில் போய் அதே பதிப்பை மறுபடி தேர்ந்து அப்ளை கொடுத்தால் சரியாகும்.

பதிப்பு சரியாக இருந்தும் 500 வந்தால் எரர் லாகில் ‘ஆப்ஷன்ஸ் இங்கே அனுமதி இல்லை’ என்ற பொருளில் வரி இருக்கிறதா பாருங்கள். லாராவெல்லின் எச்டிஆக்சஸ் தொடக்கத்தில் ஆப்ஷன்ஸ் வரி ஒன்று உண்டு. சில ஹோஸ்டிங்குகள் அதைத் தடுத்து வைத்திருக்கும். வரியை எடுத்துவிட்டால் போதும்.

வம்பாகீரப்பாளையம்:
எச்டிஆக்சஸில் ரீரைட் விதி (கோரிக்கையின் பாதையை மாற்றும் விதி) போட்டு எல்லாக் கோரிக்கையையும் துணை ஃபோல்டருக்குத் தள்ளும் வழியும் இணையத்தில் நிறைய பேர் எழுதுகிறார்கள். சிம்லிங்க்கைத் தடுத்திருக்கும் சர்வரில் வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யுங்கள். ரீரைட் ரூட்டுக்கு வெளியே போகாது. ஆகவே லாராவெல் முழுவதும் பப்ளிக்_எச்டிஎம்எல்-லுக்குள் வந்தாக வேண்டும். விதி உங்கள் டொமைன் பெயருக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டால் அதே ரூட்டைப் பகிரும் ஏலியஸ் டொமைன் வழியாக ‘.இஎன்வி’ திறந்து கிடக்கும். நிபந்தனையே போடாவிட்டால் உள்ளே இருக்கும் ஆட்-ஆன் டொமைனும் அதில் மாட்டிக்கொள்ளும். துணை ஃபோல்டரின் பெயரில் தொடங்கும் கோரிக்கைக்கு விலக்கு தராவிட்டால் சுற்றிச் சுற்றி 500. ‘.வெல்-நோன்’ பாதைக்கும் விலக்கு வேண்டும். எஸ்எஸ்எல் சரிபார்ப்புக் கோப்பு அங்கேதான் தேடப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் என்பதால், இன்று செய்த தவறு புதுப்பிக்கும் நேரத்தில்தான் தெரியவரும்.

விபிஎஸ் (மெய்நிகர் தனி சர்வர்) வைத்திருந்து ரூட் அணுகல் உள்ளவர்கள் இந்த இரண்டையுமே செய்ய வேண்டாம். /வார்/சிபேனல்/யூசர்டேட்டா/ உள்ளே பயனர் பெயர் ஃபோல்டரில் டொமைன் பெயரில் ஒரு கோப்பும், அதே பெயரோடு _எஸ்எஸ்எல் சேர்த்த இன்னொன்றும் இருக்கும். இரண்டிலும் டாக்குமென்ட்ரூட் வரியை மாற்றுங்கள். இரண்டாவதை மறந்தால் எச்டிடிபி-யில் புதுத் தளமும் எச்டிடிபிஎஸ்-இல் பழைய தளமும் வரும். பக்கத்தில் இருக்கும் அதே பெயருள்ள கேஷ் கோப்புகளை நீக்கி, யூசர்டேட்டா கேஷைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட், அப்பாச்சி கான்ஃபிகை மறுபடி கட்டும் ஸ்கிரிப்ட் இரண்டையும் ஓட்டி அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்பாச்சி கான்ஃபிகை நேரடியாகத் திருத்தினால் அடுத்த முறை கட்டும்போது அழிந்துவிடும்.

பிளெஸ்க் என்ற இன்னொரு கன்ட்ரோல் பேனலில் இந்தத் தொல்லையே இல்லை. ஹோஸ்டிங் செட்டிங்ஸில் டாக்குமென்ட் ரூட் பெட்டியில் எச்டிடிபிடாக்ஸ் என்று இருப்பதை மாற்றினால் முடிந்தது.

முத்தியால்பேட்டை:
மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். கடைத் தளம் நிற்கவில்லை. புக்கிங் தளமும் திறக்கிறது. பிஎச்பி பதிப்பை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அறைப் படங்கள் மட்டும் 404. கூகுளில் இருக்கும் பழைய வேர்ட்பிரஸ் பட இணைப்புகளும் உடைந்துவிட்டன.

திருப்பாதிரிப்புலியூர்:
முதலாவது, புக்கிங்/பப்ளிக் உள்ளே ‘ஸ்டோரேஜ்’ என்பது ஒரு லிங்க். உங்கள் மடிக்கணினியில் உருவாக்கியதை அப்படியே ஏற்றியிருந்தால் அது மடிக்கணினியின் பாதையைத்தான் காட்டும். எல்எஸ் மைனஸ் எல் அடித்தால் அம்புக்குறிக்கு அப்புறம் தெரியும். அதை நீக்கிவிட்டு சர்வரிலேயே லாராவெல்லின் ஆர்டிசன் கட்டளையான ஸ்டோரேஜ்:லிங்க் ஓட்டுங்கள். கையோடு கான்ஃபிக்:கிளியரும் ஓட்டுங்கள். பழைய முழுப் பாதைகள் கேஷில் தங்கியிருக்கலாம். மாற்றம் உடனே தெரியாவிட்டால் இரண்டு நிமிஷம் பொறுங்கள். பிஎச்பி பாதைகளை நினைவில் வைத்திருக்கும் இயல்பான நேரம் 120 நொடி.

இரண்டாவதுக்கு, ‘பப்ளிக்_பழையது’ உள்ளே டபிள்யூபி-கான்டென்ட்/அப்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் அதே பாதை அமைப்போடு புக்கிங்/பப்ளிக்குக்குள் நகல் எடுங்கள், இணைப்புகள் மறுபடி வேலை செய்யும். நகல் எடுத்ததும் அதற்குள் பிஎச்பி கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஃபைண்ட் கட்டளையால் தேடுங்கள். அப்லோட்ஸில் படங்களும் பிடிஎஃப்-களும்தான் இருக்க வேண்டும். சந்தேகமான பிஎச்பி எது இருந்தாலும் புதுத் தளத்துக்குள் கொண்டுவராதீர்கள். பழைய பக்க முகவரிகளுக்கு 301 ரீடைரக்டை (நிரந்தர வழிமாற்று) லாராவெல்லின் ரவுட்ஸ் கோப்பிலேயே எழுதிவிடலாம்.