சுகர் மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசமா?

பாளைக்காரன்

எங்கள் சித்திக்கு 62 வயது. பல வருடமாகச் சர்க்கரை. சமீபத்தில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மாத்திரையைத் தொடுவதில்லை. "சர்க்கரை வியாதியோடு வந்திருக்கிற ஒரு சகோதரியைக் கர்த்தர் இப்போது தொடுகிறார்" என்று மேடையிலிருந்து சொன்னார்களாம். அந்தச் சகோதரி தான்தான் என்று சித்திக்கு நிச்சயம். மைதானம் நிறைய ஆட்கள், அதில் சர்க்கரை உள்ள சகோதரி ஒருவர்தானா இருந்திருப்பார் என்று கேட்டால் கோபம் வருகிறது.

பாதி தீர்ந்த மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதே ஃபிரிட்ஜ் கதவில் புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை: "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்." மாத்திரையை எடுத்து நீட்டினால், "அப்போ கர்த்தர் பொய் சொல்றாராடா?" என்கிறார். இது வெறும் பிடிவாதமாக எனக்குத் தெரியவில்லை. பயப்படுகிறார். மாத்திரை போட்டால் அது அவிசுவாசம், கிடைத்த சுகமும் போய்விடும் என்று.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். "ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க" என்றார். சித்திக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. விசுவாசம் என்றால் என்ன என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பேசுங்கள். சபைச் சண்டை மட்டும் வேண்டாம்.

கன்மலை77

ஸ்தோத்திரம் பிரதர். சண்டை வேண்டாம் என்றுவிட்டு "சொன்னார்களாம்" என்று நக்கலோடு ஆரம்பித்திருக்கிறீர்கள். பரவாயில்லை.

"விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" (எபிரெயர் 11:1). லேப் ரிப்போர்ட்டில் பார்த்த பிறகு நம்புவதற்கு விசுவாசம் எதற்கு? பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ அநேக வைத்தியர்களிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகவில்லை. இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள், குணமானாள். ஆசா ராஜாவுக்குக் காலில் வியாதி வந்தபோது "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்று 2 நாளாகமம் 16 அவனைக் குறை சொல்கிறது. நாசரேத்தில் இயேசுவே அதிகம் அற்புதம் செய்யாமல் போனதற்குக் காரணம் அந்த ஊராரின் அவிசுவாசம்.

படித்த கிறிஸ்தவர்களின் வழக்கம் எனக்குத் தெரியும். முதலில் ஸ்கேன், அப்புறம் இன்னொரு டாக்டர், அப்புறம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். எல்லாரும் கைவிரித்த பிறகு சபைக்கு ஒரு ஜெபக் குறிப்பு. எங்கள் சபையில் பாதிப்பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அவர்கள் ஜெபத்தில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் சித்தி கர்த்தருடைய வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டதை ஒரு நோயைப் போல நீங்கள் விவரிப்பது எனக்கு வருத்தம்.

கேள்விக்குறி

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்மலை சார், கூலி வேலைக்காரருக்கு ஆஸ்பத்திரி எட்டவில்லை என்றால் ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் கொண்டுவரக் கேட்பதுதானே நியாயம்? எட்டாததையே ஒரு புண்ணியமாக்கிவிட்டீர்கள்.

இன்னொன்று. சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. தாயத்து விற்கிறவனுக்கு அந்தச் சட்டத்தைக் காட்டுகிறோம். மைக் பிடித்துச் சொல்கிறவரிடம் மட்டும் ஏன் யாரும் ஒன்றும் கேட்பதில்லை?

வார்டு சிஸ்டர்

நான் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கும் போகிறவள். சட்டத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த அம்மாவின் காலைப் பாருங்கள்.

சர்க்கரை ஏறுவது ரொம்ப நாளைக்கு வெளியில் தெரியாது. மாத்திரையை நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. அந்த "ஒன்றும் ஆகவில்லை" என்பதைத்தான் சுகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் குத்துவதுகூடத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வீட்டில் கண்டுபிடிப்பார்கள். கட்டுப் பிரிக்கும்போது சாக்ஸோடு தோலும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் கேட்பது, "எங்க விசுவாசம் பத்தலையா சிஸ்டர்?" என்றுதான். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சபையில் யாராவது சொல்லுங்கள்.

ஆசா ராஜாவுக்கும் காலில்தான் வியாதி என்று கன்மலை பிரதர் நினைவூட்டினார். அவன் தப்பு கர்த்தரைத் தேடாமல் போனது. எசேக்கியாவும் ராஜாதான். "நான் உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). அந்த அடையை அவிசுவாசம் என்பீர்களா?

கன்மலை77

சிஸ்டர், உங்கள் பாரம் புரிகிறது. அத்திப்பழ அடை தீர்க்கதரிசி சொல்லிப் போட்டது. கம்பெனி மாத்திரையை எந்தத் தீர்க்கதரிசி சொன்னார்?

நான் மருந்தே பாவம் என்று சொல்கிறவன் இல்லை. ஊழியர்கள் மருந்தே எடுக்காத சபைகளும் உண்டு, நாங்கள் அப்படி இல்லை. ஆனால் ஒருவருக்குக் கர்த்தர் பேசிவிட்டார் என்று நிச்சயம் வந்த பிறகு, நாம் போய் அதை அசைக்கலாமா? இயேசுவின் சீடர் பேதுரு தண்ணீர்மேல் நடந்தபோது காற்றைப் பார்த்ததும்தான் அமிழ்ந்தார்.

முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து ஒரு கத்தோலிக்கன். எங்கள் விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆண்டவரே மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தார், அறிவுள்ளவர் அவற்றைத் தள்ளமாட்டார் என்று அங்கே இருக்கிறது. முதலில் மன்றாடு, பாவத்தை விடு, அப்புறம் மருத்துவருக்கு இடம் கொடு என்று வரிசையும் இருக்கிறது. எங்கள் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

கன்மலை77

அது எங்கள் வேதத்தில் இல்லாத புத்தகம் பிரதர். அதை வைத்து என்னிடம் வழக்காட முடியாது. :)

முத்துநகர்

சரி, உங்கள் புத்தகத்துக்கே வருகிறேன். பவுல் தீமோத்தேயுவிடம் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். பவுலுக்கா விசுவாசம் பத்தவில்லை? கூடவே சுற்றிய லூக்கா "பிரியமான வைத்தியன்".

இதெல்லாம் மேல்மட்ட வாதம். எனக்கு உறுத்துவது வேறு. மனிதன் நற்செயலால் மீட்படைவதில்லை, நம்பிக்கையால்தான் என்று சொல்லித்தானே நீங்கள் எங்களிடமிருந்து பிரிந்து போனீர்கள்? அந்தப் பிரிவைத் தொடங்கிய லூத்தர், கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபு நிருபத்தை 1522இல் வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். அந்தச் சண்டையையே 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் எங்கள் சபையும் லூத்தரன் சபைகளும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுப் பெரும்பாலும் முடித்துக்கொண்டோம். மீட்பு கொடை, சம்பாதிப்பது இல்லை என்பதில் இரு தரப்பும் ஒன்று.

இப்போது இந்தச் சித்தியைப் பாருங்கள். மாத்திரை போடாமல் இருக்க வேண்டும், சந்தேகப்படக் கூடாது, "வலிக்குது" என்று வாயால் சொல்லக் கூடாது. இதையெல்லாம் சரியாகச் செய்தால் சுகம் நிற்கும், தவறினால் போய்விடும். இதைவிடக் கடுமையான கிரியை (நற்செயல்) எதுவும் உண்டா? எங்கள் பாட்டிமார் மாதா கோயிலுக்கு நடந்தே போய் நேர்ச்சை செலுத்தியதைப் பார்த்துச் சிரித்தவர்கள், நம்பிக்கையையே நேர்ச்சையாக்கிவிட்டீர்கள். கால்நடையாய்ப் போகிறவளுக்கு வழியில் உட்கார ஒரு திண்ணையாவது கிடைக்கும். சித்திக்கு அதுவும் இல்லை.

பாளைக்காரன்

முத்துநகர் அண்ணாச்சி, நான் தேடிக்கொண்டிருந்த இடம் இதுதான். மாற்கு 9இல் பிசாசு பிடித்த பையனின் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான். அரைகுறை விசுவாசம்தான். "முழுசா வந்ததும் வா" என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்திலும், சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் சித்திக்காக நாங்கள் விசுவாசிப்பதும் கணக்கில் வராதா?

கன்மலை77

வரும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து விசுவாசத்தை ரொம்ப மெல்லியதாக்குகிறீர்கள். எதையும் எதிர்பார்க்காதே, எது நடந்தாலும் சரி என்று இரு என்றால் அதற்குப் பெயர் விசுவாசமா, சலிப்பா? இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் அனாதைப் பிள்ளைகளுக்காக ஒருவரிடமும் கை நீட்டாமல் தேவனிடம் மட்டும் கேட்டார். வாழ்நாளில் பத்தாயிரம் பிள்ளைகள் அளவுக்கு அங்கே வளர்ந்தார்கள். "கிடைத்தால் பார்ப்போம்" என்று இருந்திருந்தால் ஒரு வீடுகூடக் கட்டியிருக்க முடியாது. என் தகப்பனார் குடியிலிருந்து எழுந்ததும் அப்படிக் கேட்டுத்தான். அம்மா இரவெல்லாம் முழங்காலில் நின்றதை நான் பாயில் படுத்துப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் எனக்குக் கிரியை என்று விளக்க வேண்டாம்.

கேள்விக்குறி

உங்கள் அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். முல்லர் பைசா பைசாவாகக் கணக்கு எழுதி ஆண்டறிக்கை போட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் கேள்வி இதுதான். குணமானால் கர்த்தர் செய்தார். ஆகவில்லை என்றால் உன் விசுவாசம் குறைவு, அல்லது தேவ சித்தம். எந்தப் பக்கம் விழுந்தாலும் மேடையில் இருப்பவர் ஜெயிக்கிறார், தோற்பது சித்தி மட்டும். எது நடந்தாலும் தவறென்று ஆகவே முடியாத ஒன்றை நம்பிக்கை என்று ஏன் மதிக்க வேண்டும்?

பாளைக்காரன்

நியாயமான கேள்வி. எங்கள் ஜில்லாவிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார். இவரும் பணத்துக்காக யாரிடமும் கேட்பதில்லை என்று வைத்திருந்தவர், ஆகவே கன்மலை பிரதருக்கும் பிடிக்கும். 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன் பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறைதான். ஜெபம் பண்ண ஆளில்லாமலா? அந்த வளாகமே ஜெபித்தது. எழுந்து நடமாட முடியவில்லை. அவர் விசுவாசம் குறைந்தவர் என்று டோனாவூரில் போய் யாராவது சொல்லிப் பாருங்கள். அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். அங்கே ஆஸ்பத்திரியும் அவர் காலத்திலேயே வந்தது.

ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேர் அக்கினிச் சூளைக்கு முன்னால் அவனிடம் சொன்னதும் இதுதான்: தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் (தானியேல் 3). அங்கே விசுவாசம் முடிவைப் பற்றியது இல்லை, யாரோடு நிற்கிறோம் என்பதைப் பற்றியது. இதை உங்கள் தராசில் எடைபோட முடியாது என்பது உண்மைதான். என் மனைவி என்னை நேசிக்கிறாள் என்பதையும் எடைபோட முடியாது. ஆனால் "உனக்கு வியாதி இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது எடைபோட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். எடைபோட்டே ஆக வேண்டும்.

கேள்விக்குறி

கடைசி இரண்டு வாக்கியத்தோடு உடன்படுகிறேன். மற்றது உங்கள் இஷ்டம். படுக்கையிலிருந்தும் உழைத்த எத்தனையோ பேருக்குக் கடவுள் தேவைப்படவில்லை.

வார்டு சிஸ்டர்

இருக்கலாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்குக் கடவுள் தேவைப்பட்டார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்து பிரசவத்துக்குப் பெண்தான் வேண்டும் என்றார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. அப்பா டாக்டர், ஆனால் ஆண் என்பதால் மூவருமே வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் ஜெபித்ததன் முடிவு, அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்தது. 1900இல் திரும்பி வேலூரில் வேலையைத் தொடங்கினார், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. கன்மலை பிரதர், கம்பெனி மாத்திரையை எந்தத் தீர்க்கதரிசி சொன்னார் என்று கேட்டீர்களே, எனக்குக் கிடைத்த பதில் இது.

பாளைக்காரன் தம்பி, சித்தியிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். "மாத்திரை போடு" என்று ஆரம்பிக்காதீர்கள். குஷ்டரோகியைச் சுகமாக்கியதும் இயேசு, "போய், உன்னை ஆசாரியனுக்குக் காண்பி" என்றார். சோதித்துப் பார்க்கிறவனிடமே அனுப்பினார். சுகமானது உண்மையென்றால் சித்தி டெஸ்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, மூன்று மாத சராசரி காட்டும் ஏ1சி. கூடவே சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். அப்புறம் ஒரு டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். விரல் இடுக்கை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கன்மலை77

இதற்கு ஆமென். எங்கள் பாஸ்டரும் டாக்டர் சீட்டு இல்லாமல் யாரையும் சாட்சி சொல்ல மேடை ஏற்றமாட்டார். சித்தியிடம் நான் பேசுகிறேன், தனிமடலில் நம்பர் அனுப்புங்கள் பிரதர். பெந்தெகொஸ்தேக்காரன் சொன்னால் கேட்பார். ஆனால் கர்த்தர் தொடவில்லை என்று மட்டும் நான் அவரிடம் சொல்லமாட்டேன்.

கேள்விக்குறி

சர்க்கரை 300 என்று வந்தால்?

கன்மலை77

மாத்திரை போடட்டும், ஜெபமும் நடக்கட்டும். சுகம் இன்னும் வரவில்லை என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கேள்விக்குறி

உங்களுக்கு இல்லை, நம்புகிறேன். அடுத்த ஊரில் மைதானம் பிடித்திருப்பவருக்கு அதை யார் போய்ச் சொல்வது?

பாளைக்காரன்

டெஸ்டுக்குச் சித்தி சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: லேபுக்கு ஐயரும் கூட வர வேண்டுமாம். ஐயர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் சர்க்கரை.