காது களைக்காத ஸ்பீக்கர்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

நல்ல ஸ்பீக்கர் வாங்கச் சென்னைக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உங்கள் பாட்டை நீங்களே கொண்டுபோங்கள். கடையில் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் ஒரு கிதார், ஒரு பெண் குரல், மெல்லிய டிரம்ஸ். எந்த ஸ்பீக்கரையும் அழகாகக் காட்டிவிடும் பதிவுகள் அவை. நான் எடுத்துப்போனது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கமும். இரண்டுமே பழைய பதிவுகள், கரகரப்பு உண்டு. பரவாயில்லை, நான் வீட்டில் கேட்கப்போவது அவற்றைத்தானே.

முதலில் ஆளுயரப் பெட்டிகளைப் போட்டார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நாகஸ்வரம் எதிரே நின்று ஊதுவதுபோல அவ்வளவு தெளிவு. நானும் அசந்துபோனேன். ஆனால் மூன்றாவது உருப்படிக்குள் என் கை தானாகவே ரிமோட்டைத் தேடிப் போய் சத்தத்தைக் குறைத்தது. சற்று நேரத்தில் மறுபடியும். அதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நாகஸ்வரம் உச்சியில் பேசும்போது அந்தப் பகுதியில்தான் கொட்டுகிறது. அங்கே ஸ்பீக்கர் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் துல்லியம் என்று தோன்றும். அரை மணி கழித்து நெற்றி இறுகும்.

அடுத்து வந்தது ஒரு அடி உயரம்கூட இல்லாத, பின்னால் ஓட்டை இல்லாத மூடிய பெட்டி. பி.பி.சி. தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மானிட்டரின் (ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்) வழிவந்தது. அந்தப் பரம்பரையில் நடு ஒலியின் மேற்பகுதியைச் சற்றே அடக்கி வைப்பது வழக்கம். கேட்டதும் ‘என்ன இவ்வளவு சாதுவாக இருக்கிறதே’ என்று தோன்றும். விற்பனையாளரிடம் சத்தத்தை முந்தைய ஜோடியின் அளவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இதை எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பெட்டி அதே மின்சக்திக்குக் குறைவாகத்தான் ஒலிக்கும், சத்தம் குறைந்த பக்கம் எப்போதும் தோற்றதுபோலவே இருக்கும்.

அளவு சமமானதும் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். பெரிய பெட்டியில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ‘தும்’ என்று ஒரு மோதலாக வந்தது. சின்னப் பெட்டியில் கும்கி வரும்போது, உள்ளங்கை தோலில் அழுந்தி நகர, ஸ்வரம் கீழிருந்து மேலே ஏறுவது தெரிந்தது. ரவை பூசிய தோல் அது என்பதுகூடத் தெரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை, ரிமோட்டைத் தொடவே இல்லை.

அப்புறம் வீடு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கூடம் 12 அடிக்கு 10, கூரையும் 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினால் ‘ட்ர்ர்’ என்று திரும்பி வரும். நம் பக்கத்துப் புது வீடுகள் முக்கால்வாசி இப்படித்தான். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டுமே ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியில் அறையை முழங்க வைக்கும். ஆழமாக இறங்கும் பெரிய பெட்டியை இங்கே வைத்தால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிக்கொண்டு மற்றதை மூடிவிடும். அதனால் கடைக்காரரிடம் முழுப் பணத்தையும் கட்டி, பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டே சின்ன ஜோடியை எடுத்துவந்தேன். வேறொரு கடையில் வெளியூருக்கு அப்படிக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லட்சத்தைத் தாண்டும் பொருளைக் கேட்காமல் வாங்கு என்றால் எப்படி?

சுவரிலிருந்து இரண்டடி முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தினேன். தரையில் தடித்த ஜமக்காளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி. கைதட்டலின் ‘ட்ர்ர்’ அடங்கியது, ‘ச’, ‘ஷ’ எழுத்துகளின் சீறலும் அதோடு பாதி போயிற்று. ஸ்பீக்கரை நான் மாற்றவில்லை, அறையைத்தான் மாற்றினேன்.

ஒரு தொல்லை பாக்கி இருக்கிறது. கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாமல் வேலூரில் உட்கார முடியாது. ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் தம்புராவின் ரீங்காரம் அதில் கரைந்துபோகும். அதைக் கேட்கவென்று சத்தத்தைக் கூட்டுவோம், காது களைக்கும். மே மாதத்தில் நான் விடியற்காலையில்தான் கேட்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

காட்பாடி சார் ஃபேனைச் சொன்னார், எங்களுக்கு விசைத்தறி. பக்கத்து வீட்டில் தறி ஓடும்வரை எந்த ஸ்பீக்கரும் ஒன்றுதான். தறி நின்ற பிறகு கேட்கிறேன். அப்போதும் நாலடி தூரத்தில், மேசைக்கு எதிரே உட்கார்ந்து. பெட்டியை நெருங்கினால் நேராக வரும் ஒலி அதிகம், சுவரில் பட்டு வருவது குறைவு. சத்தம் குறைவாக வைத்தாலே போதும். வீட்டில் தூங்குகிறவர்களுக்கும் தொந்தரவு இல்லை. சின்ன அறைக்காரர்கள் பெரிய பெட்டிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

சார், ஒரு கேள்வி. இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

ராணிப்பேட்டையிலிருந்து:

பழையது வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோம் வளையம் காலப்போக்கில் உதிர்ந்துவிடும், நம் ஊர் வெயில் அதற்குக் கொஞ்சமும் ஆகாது. நான் பார்க்கப்போன ஒரு ஜோடி வெளியே பளபளவென்று இருந்தது. விரல் நுனியால் தொட்டதும் கறுப்புத் தூளாகக் கொட்டியது. ரப்பர் வளையமாக இருந்தால் தைரியமாகப் பேரம் பேசலாம்.

வாங்கியபின் எனக்குப் பரிசோதகர் எங்கள் அம்மாதான். சமையலறையில் இருந்துகொண்டே பழைய ஜோடிக்கு ‘சத்தத்தைக் குறைடா’ என்பார்கள். இப்போது அதே அளவில் வைத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை, கூடவே பாடுகிறார்கள்.

மறுபடியும் காட்பாடி:

குடியாத்தம் தம்பிக்கு: உங்கள் நாலடிக்கு 100 வாட் தேவையில்லை. இவை ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில், 83 டெசிபல் அளவில் கொடுக்கும். சாதாரணமாக 75 டெசிபலில் கேட்கக் கால் வாட்டே போதும். மிருதங்கத்தில் சாப்பு என்ற அடி விழும் கணத்தில் சராசரியைவிட 20 டெசிபல் கூடினால் அந்த நொடிக்கு 100 மடங்கு சக்தி கேட்கும். அதற்கும் நல்ல 50 வாட் தாராளம். லோ வோல்டேஜ் உள்ள தெரு என்றால் மிச்சப் பணத்தில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பாட்டை எடுத்துவாருங்கள், போட்டுக் கேட்போம்.