டிசெமினேட்டட் வாரிசெல்லா: ‘பரவிய சின்னம்மை’ போதுமா?

ஐயா, வணக்கம்.

‘டிசெமினேட்டட் வாரிசெல்லா’ என்ற மருத்துவப் பெயருக்குத் தமிழாக நீங்கள் தந்த ‘பரவிய சின்னம்மை’ சொல்லுக்குச் சொல் சரிதான். சேலத்தில் நோயாளிகளுக்காக எழுதிவரும் கையேட்டில் அதைப் போட்டு, ஏற்காட்டுப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மகனுக்கு 17 வயது, ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. “எங்க ஊர்ல வேற யாருக்கும் இல்லீங்களே, யாருக்குப் பரவுச்சு?” என்று கேட்டார். பரவுவது என்றால் நமக்கு ஆள் விட்டு ஆள் தொற்றுவது. இங்கே சொல்ல வேண்டியதோ, ஒரே உடம்பில் வைரஸ் ரத்தத்தோடு போய் நுரையீரலையும் கல்லீரலையும் மூளையையும் பிடிப்பதை.

எதிர்ப்புச் சக்தி உள்ள பிள்ளைக்குச் சின்னம்மை பெரும்பாலும் தோலோடு போய்விடும். கீமோதெரபியில் இருப்பவருக்கு அப்படியில்லை. சிலருக்குக் கொப்புளம் தெரியும் முன்பே கடும் வயிற்றுவலி வந்துவிடும். ‘நாலு முத்துதானே’ என்று வேப்பிலை விரித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் வைத்திருப்பது இவர்களுக்கு ஆபத்து. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பெயரைக் கேட்டதுமே ‘இது உள்ளே போகிற சமாச்சாரம்’ என்று தெரிய வேண்டும்.

நம் கலைச்சொல் குழுவில் இன்னொருவர் சொன்ன ‘உள்ளிறங்கிய அம்மை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே அம்மை இறங்கிவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்று பொருள்! ‘உட்படர் அம்மை’ என்றால் படர்தாமரை நினைவுக்கு வருகிறது. அப்புறம், ‘தட்டம்மை’ பக்கமே போக வேண்டாம், அது மீசில்ஸ்.

என் பரிந்துரை: உள்ளுறுப்புச் சின்னம்மை.

*

தம்பி, கையேட்டுக்கு உங்கள் சொல்லே இருக்கட்டும். அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அக்கியை என்ன செய்வீர்கள்? அதே வைரஸ்தான். சின்னம்மை ஆறியபின் நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் எழும்புகிறது. வழக்கமாக ஒரு பக்கத்தில் பட்டைபோல் நிற்கும். அந்தப் பட்டையைத் தாண்டி உடம்பெங்கும் கொப்பளித்தாலும் மருத்துவர் ‘டிசெமினேட்டட்’ என்றே எழுதுவார், உள்ளுறுப்பைத் தொடாமல் தோலோடு நின்றாலும்கூட. அங்கே ‘உள்ளுறுப்பு அக்கி’ என்றால் தப்பாகிவிடும்.

அகராதிக்கு ‘உடல்பரவிய’ என்று வைத்துக்கொள்ளலாமா? உடல்பரவிய சின்னம்மை, உடல்பரவிய அக்கி. ‘உடல்’ முன்னால் நிற்பதால் ஊருக்குப் பரவியதா என்ற குழப்பமும் வராது. உறுப்பைத் தாக்கியிருந்தால் மட்டும் ‘உள்ளுறுப்பு’ சேர்ப்போம். அந்த அம்மாவிடமே இதையும் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.